ஆறும் இசைவாணையும்

நியூசிலாந்தின் வரைபடத்தில் வட்டார மன்றங்களின் எல்லைக்கோடுகளைப் பாருங்கள். பெரும்பாலும் அவை மலைமுகடுகளைப் பிடித்துக்கொண்டு நெளிந்து நெளிந்து ஓடும். 1989-இல் அந்நாடு தன் உள்ளாட்சி அமைப்பை மாற்றி எழுதியபோது ஆற்று வடிநிலங்களை ஒட்டியே இந்த எல்லைகளை வகுத்தது. முகட்டின் இந்தப் பக்கம் விழும் மழைத்துளி எந்த ஆற்றில் போய்ச் சேருமோ, அந்த ஆற்றைக் காக்கும் மன்றத்தின் பொறுப்பில்தான் அந்தத் துளி விழுந்த நிலமும் இருக்கும். ஊற்று ஒரு மாநிலத்திலும் கழிமுகம் இன்னொரு மாநிலத்திலும் இருக்கும் ஆறுகளோடு வளர்ந்த நமக்கு இந்த ஏற்பாடு கொஞ்சம் பொறாமையைத் தரும்.

இப்படிப்பட்ட மன்றங்கள் 11. ஆக்லாந்து, நெல்சன், கிஸ்போர்ன் போன்ற சில இடங்களில் நகர அல்லது மாவட்ட மன்றமே இந்த வேலையையும் சேர்த்துப் பார்க்கிறது. 1991-இன் வள மேலாண்மைச் சட்டம் இவற்றுக்குப் பெரிய அதிகாரத்தைக் கொடுத்தது. அதன் 15-ஆம் பிரிவு சொல்வது எளிது: அனுமதி இல்லாமல் யாரும் நீரில் மாசு கலக்கக் கூடாது. ஆலையோ, ஊராட்சியின் கழிவுநீர் நிலையமோ, பால்பண்ணையோ, யாராக இருந்தாலும் மன்றத்தின் விதிக்குள் நடக்க வேண்டும். இல்லையென்றால் நிபந்தனைகளோடு கூடிய இசைவாணை வாங்க வேண்டும். நம் மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் ஆலைகளுக்குத் தருகிற இசைவாணையை அறிந்தவர்களுக்கு இது புதிதல்ல.

அதே சட்டத்தின் 35-ஆம் பிரிவு மன்றத்துக்குக் கடமையாக்கும் கண்காணிப்புகளில் இரண்டு முக்கியம். ஒன்று, சுற்றுச்சூழலின் நிலையைப் பார்ப்பது. மற்றது, கொடுத்த இசைவாணைகள் எப்படி நடைமுறைப்படுத்தப்படுகின்றன என்று பார்ப்பது. ஒன்று ஆற்றைப் பார்க்கும் கண். இன்னொன்று அனுமதி பெற்றவரைப் பார்க்கும் கண். இரண்டும் ஒரே பிரிவில் நின்றாலும், நடைமுறையில் வேறு வேறு ஆட்கள், வேறு வேறு கருவிகள், வேறு வேறு கோப்புகள். இந்த இரண்டு கண்களும் சேர்ந்து பார்க்காதபோது என்ன ஆகும் என்பதை 2016-இல் ஒரு சிறு நகரம் தன் உடம்பால் அறிந்தது. அதற்கு முன், ஒவ்வொரு கண்ணும் எப்படி வேலை செய்கிறது என்று பார்ப்போம்.

மாதம் ஒருமுறை, முன்பே குறித்துவைத்த நாளில், குறித்த இடத்தில், மார்புவரை ஏறும் ரப்பர் உடுப்போடு ஊழியர்கள் ஆற்றில் இறங்குகிறார்கள். நாள் முன்பே குறிக்கப்பட்டிருப்பது முக்கியம். ‘மழையில் ஆறு கலங்கிக் கிடக்கிறது, நாளை வரலாம்’ என்று தள்ளிப்போட்டால் தெளிந்த நாட்கள் மட்டுமே கணக்கில் சேரும். நிலத்தின் அழுக்கு ஆற்றுக்கு வருவதே மழையோடுதான். ஆகவே வெள்ளம் ஆளை இழுக்கும் அளவுக்கு இல்லையென்றால் அன்றைக்கே இறங்கியாக வேண்டும்.

அவர்கள் கையில் இருக்கும் கருவிகளில் எனக்கு மிகவும் பிடித்தது ஒரு கறுப்புத் தட்டு. நீரின் தெளிவை அளக்க 1865-இல் இத்தாலியர் ஆஞ்செலோ செக்கி கப்பலிலிருந்து வெள்ளைத் தட்டைக் கடலில் இறக்கிப் பார்த்தார். ஏரிக்கும் கடலுக்கும் அது சரி. முழங்கால் ஆழ ஆற்றில் தட்டு மறைவதற்குள் தரை தட்டிவிடும். நியூசிலாந்து விஞ்ஞானி ராப் டேவிஸ்-காலி 1988-இல் இதற்கு ஒரு வழி சொன்னார். தட்டுக்குக் கறுப்பு அடியுங்கள். நீருக்குள் நேர்க்கிடையாகப் பாருங்கள். ஒருவர் தட்டைப் பிடித்திருப்பார், இன்னொருவர் கண்ணாடி பொருத்திய நீரடிக் குழாய் வழியாகப் பார்த்தபடி பின்னோக்கி நடப்பார். தட்டு மறையும் தொலைவையும், திரும்பி வரும்போது மறுபடி தெரியும் தொலைவையும் குறித்துச் சராசரி எடுப்பார். கறுப்புத் தட்டு வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பாது. அதனால் மேகம் மூடினாலும் வெயில் அடித்தாலும் அளவு பெரிதாக மாறாது. நீருக்குள் மிதக்கும் மண்ணும் பாசியுமே அதைத் தீர்மானிக்கும். குளிக்க ஏற்ற ஆறு என்றால் இந்தத் தொலைவு 1.6 மீட்டராவது இருக்க வேண்டும் என்பது அந்நாட்டு வழிகாட்டு அளவு. விலை உயர்ந்த மின்னணுக் கருவிகள் வந்த பின்னும் தட்டு ஓய்வு பெறவில்லை.

நீரில் கரைந்த ஆக்சிஜன் இவ்வளவு எளிதில் பிடிபடாது. பகலில் பாசியும் நீர்த்தாவரமும் ஒளிச்சேர்க்கை செய்து ஆக்சிஜனை வெளிவிடும். இரவில் அவையும் மூச்சுவிட்டு அதையே தின்னும். உரச்சத்து மிகுந்து பாசி அடர்ந்த ஆற்றில் இந்த ஏற்ற இறக்கம் கடுமையாக இருக்கும். காலை 11 மணிக்கு வரும் ஊழியரின் கருவியில் ஆறு நல்ல ஆரோக்கியத்தோடு தெரியும். அதே ஆற்றில் விடியலுக்குச் சற்று முன் மீன்கள் மூச்சுத் திணறியிருக்கும். 2020-இன் தேசிய நன்னீர்க் கொள்கை, கழிவு வெளியேறும் இடங்களுக்குக் கீழே ஒரு நாளின் மிகக் குறைந்த அளவு லிட்டருக்கு 4 மில்லிகிராமுக்குக் கீழே போகக் கூடாது என்று அடிவரம்பு வகுத்தது. அலுவலக நேரத்தில் மட்டும் ஆற்றங்கரைக்குப் போகிறவரால் இதைச் சரிபார்க்க முடியாது. ஆற்றிலேயே கிடந்து இரவும் பகலும் பதிவுசெய்யும் உணரி வேண்டும். அது அடிக்கடி பாசி படிந்து பொய் சொல்லத் தொடங்கும் என்பதால், அதைத் துடைக்கவும் ஓர் ஆள் வேண்டும்.

குப்பிகளில் பிடித்த நீர் பனிக்கட்டிப் பெட்டியில் ஆய்வகத்துக்கு ஓடுகிறது. நைட்ரஜன், பாஸ்பரஸ், வண்டல், கூடவே ஈ.கோலை. மனிதர், கால்நடை, பறவை ஆகிய எல்லாருடைய குடலிலும் வாழும் இந்த நுண்ணுயிர் நீரில் இருந்தால், மலம் கலந்திருக்கிறது என்று பொருள். 2003-இன் வழிகாட்டுதலின்படி 100 மில்லிலிட்டருக்கு 260-ஐத் தாண்டினால் எச்சரிக்கை. 550-ஐத் தாண்டினால் குளிக்கக் கூடாது. ஆனால் வளர்த்து எண்ண ஏறத்தாழ ஒரு நாள் ஆகும். சனிக்கிழமை குளித்த குழந்தைக்கான பதில் ஞாயிற்றுக்கிழமைதான் வரும். யாருடைய மலம் என்ற கேள்விக்கும் இப்போது விடை உண்டு. குடல் பாக்டீரியாக்களின் மரபணு அடையாளங்கள் மனிதருக்கு ஒன்று, அசைபோடும் விலங்குகளுக்கு ஒன்று, வாத்துக்கு ஒன்று என்று வேறுபடுகின்றன. உடைந்த சாக்கடைக் குழாயா, மேய்ச்சல் நிலமா என்று அதை வைத்துப் பிரித்தறியலாம்.

இத்தனை குப்பிகளும் ஒரு கணத்தின் புகைப்படங்களே. நள்ளிரவில் யாரோ திறந்துவிட்டு மூடிய கழிவு காலைக்குள் கடலுக்குப் போயிருக்கும். போக முடியாத சாட்சிகள் கல்லுக்கு அடியில் இருக்கின்றன. ஆற்றுக் கற்களைப் புரட்டி வலையில் பூச்சிகளைப் பிடித்து எண்ணும் முறையை ஜான் ஸ்டார்க் 1985-இல் ஒரு குறியீடாக வகுத்தார். ஒவ்வோர் இனத்துக்கும் 1 முதல் 10 வரை மதிப்பெண். தூய ஓடைகளில் வாழும் மேஃப்ளை இளம்பூச்சியான டெலியாடிடியத்துக்கு 8. சேற்றிலும் சாக்கடையிலும் பிழைத்துக்கொள்ளும் புழுக்களுக்கு 1. கிடைத்த இனங்களின் சராசரியை 20-ஆல் பெருக்கினால் குறியீடு வரும். 120-க்கு மேல் என்றால் நல்ல ஆறு. 80-க்குக் கீழ் என்றால் கெட்டுப்போன ஆறு. பல மாதங்கள் அங்கேயே வாழ்ந்த உயிர், அந்த மாதங்களில் நடந்த எல்லாவற்றையும் அனுபவித்திருக்கிறது. ஒரே ஓர் இரவு விஷம் வந்திருந்தாலும் மேஃப்ளை அங்கே இராது. வேதியியல் அளவுகளைவிட இந்தப் பூச்சிகளின் சாட்சியத்தையே நான் அதிகம் நம்புவேன்.

இப்போது இரண்டாவது கண். அந்நாட்டில் 45 லட்சத்துக்கும் மேற்பட்ட கறவை மாடுகள் உண்டு. நாளுக்கு இருமுறை கொட்டிலைக் கழுவிவிட்டால் சாணமும் மூத்திரமும் கலந்த நீர் கணிசமாகச் சேரும். குட்டையில் தேக்கி, தெளிப்பான் வழியாக மேய்ச்சல் நிலத்திலேயே உரமாகப் பாய்ச்சுகிறார்கள். நிபந்தனை என்னவென்றால், நிலத்தின் மேல் தேங்கக் கூடாது. ஓடைக்கு வழியக் கூடாது. காய்ந்த மண் வாங்கிக்கொள்ளும். ஊறிய மண் வாங்காது. ஆகவே மழைநாட்களில் பாய்ச்சாமல் தேக்கிவைக்கப் போதிய குட்டை இருக்கிறதா என்பதே ஆய்வாளரின் முதல் கேள்வி. தெளிப்பான் ஓர் இடத்தில் சிக்கி நின்றுவிட்டால் ஒரு மணி நேரத்தில் வயலின் மூலையில் பச்சைக்குளம் உருவாகும். வைகாட்டோ மன்றம் ஹெலிகாப்டரில் பறந்துகூட இப்படிப்பட்ட குளங்களைத் தேடியிருக்கிறது.

நீர் எடுப்பவர்களுக்கும் கணக்கு உண்டு. நொடிக்கு 5 லிட்டரோ அதற்கு மேலோ எடுக்க இசைவாணை வாங்கியவர்கள் மீட்டர் பொருத்தியாக வேண்டும் என்று 2010-இல் விதி வந்தது. 2020-இல் அதை இறுக்கினார்கள்: 15 நிமிடத்துக்கு ஒருமுறை பதிவு, நாள்தோறும் மின்னணு வழியில் மன்றத்துக்கு அனுப்புதல், பெரிய பம்புகளிலிருந்து தொடங்கிப் படிப்படியாக. அதற்கு முன் ஆண்டு முடிவில் ஒரு தாளில் எழுதி அனுப்பினாலும் போதுமாக இருந்தது. வறட்சியில் ஆறு வற்றிய அந்த வாரத்தில் யார் எவ்வளவு இறைத்தார் என்பது அடுத்த ஆண்டு தெரிந்து என்ன பயன்?

சம்பந்தப்பட்டவரே தன்னைப் பற்றித் தரும் அறிக்கையை எவ்வளவு நம்பலாம்? 2003-இல் ஃபான்டெரா என்ற பெரும் பால் கூட்டுறவும் அரசும் மன்றங்களும் சேர்ந்து ஓடைத் தூய்மைக்கு ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டன. மாடுகள் ஓடையில் இறங்காமல் வேலி போடுவது அதன் முக்கிய அம்சம். 2010-11-க்கான நிலவர அறிக்கையில், பண்ணையாளர்களைக் கேட்டுப் பெற்ற கணக்கு, வேலி போட்டவர்கள் 84 விழுக்காடு என்றது. வேளாண் அமைச்சகம் ஆள் அனுப்பிப் பார்த்தபோது, முழுமையாக வேலி போட்டிருந்தவர்கள் 42 விழுக்காடு. சரிபாதி. எல்லாரும் பொய் சொன்னார்கள் என்று நான் நினைக்கவில்லை. ‘ஓடை’ என்பதற்கும் ‘முழுமையாக’ என்பதற்கும் ஒவ்வொருவர் மனத்திலும் ஒவ்வோர் அளவு இருந்திருக்கும். நேரில் போய்ப் பார்க்கும் கால்களுக்கு மாற்று இல்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

மீறல் கண்டுபிடிக்கப்பட்டால் அறிவுரைக் கடிதத்தில் தொடங்கி எச்சரிக்கை, தண்டத்தொகை, நிறுத்தச் சொல்லும் ஆணை, சுற்றுச்சூழல் நீதிமன்ற உத்தரவு, குற்ற வழக்கு என்று படிகள் ஏறுகின்றன. வழக்கென்று வந்துவிட்டால் நீர்க்குப்பி சாட்சியாகிவிடும். எந்த நேரத்தில் யார் பிடித்தார், யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது, முத்திரை உடையவில்லையா என்ற சங்கிலி ஓரிடத்தில் அறுந்தாலும் போயிற்று. வேண்டுமென்று செய்தாரா என்பதை மன்றம் நிரூபிக்க வேண்டியதில்லை. கழிவு போனதே போதும். வழக்குத் தொடுக்க ஆறு மாதமே இருந்த காலவரம்பு 2020-இல் 12 மாதமாக நீட்டப்பட்டது. படிகளில் எதை ஏறுவது என்று முடிவெடுப்பது யார் என்பதும் சிறிய கேள்வி அல்ல. மன்ற உறுப்பினர்கள் தேர்தலில் நின்று வந்தவர்கள். அவர்களில் பண்ணையாளர்களும் உண்டு. அண்டை வீட்டுக்காரர்மேல் வழக்குப் போடலாமா என்று அவர்களைக் கேட்பது முறையா? தலைமைத் தணிக்கையாளர் 2011-இல் நான்கு மன்றங்களை ஆராய்ந்து வெளியிட்ட அறிக்கை, வழக்கு முடிவுகளிலிருந்து உறுப்பினர்கள் விலகி நிற்க வேண்டும் என்றது. எந்த நாட்டுக்கும் பொருந்தும் சொல் அது.

சரி, இரண்டு கண்களும் தனித்தனியே நன்றாகவே பார்க்கின்றன என்று வைத்துக்கொள்வோம். அப்போதும் ஒரு விந்தை நடக்கும். வடிநிலத்தில் உள்ள ஒவ்வொரு பண்ணையும் நிபந்தனைகளை ஒன்றுவிடாமல் பின்பற்றும். ஆறு மட்டும் ஆண்டுக்கு ஆண்டு மோசமாகும். காரணம் கொட்டிலில் இல்லை, வயலில் இருக்கிறது. மேயும் மாடு ஓரிடத்தில் மூத்திரம் விடும்போது அந்தச் சிறு வட்டத்தில் விழும் நைட்ரஜனைப் புல்லால் உறிஞ்சி முடிக்க முடியாது. மிச்சம் நைட்ரேட்டாக மாறி, மழையோடு இறங்கி, நிலத்தடி நீரில் கலக்கும். கொட்டில் கழிவைவிட இந்த வழியாகப் போவதே அதிகம். ஆய்வாளரின் படிவத்தில் இதற்குக் கட்டமே இராது. போதாக்குறைக்கு, அந்த நிலத்தடி நீர் ஆற்றுக்கோ ஏரிக்கோ வந்துசேரச் சில இடங்களில் பல பத்தாண்டுகள் ஆகும். தாத்தாவின் மாடுகள் விட்டது பேரன் காலத்தில் பாசியாக முளைக்கும்.

டௌபோ ஏரியில் இந்த இடைவெளியை மூடப் பார்த்தார்கள். 600 சதுர கிலோமீட்டருக்கு மேல் விரிந்த, அந்நாட்டின் மிகப் பெரிய ஏரி. ஏரி தாங்கக்கூடிய நைட்ரஜன் எவ்வளவு என்பதிலிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டு, ஒவ்வொரு பண்ணைக்கும் இவ்வளவுதான் என்று உச்சவரம்பு விதித்தது வைகாட்டோ மன்றம். நீண்ட சட்டப் போராட்டத்துக்குப் பின் 2011-இல் அது நடைமுறைக்கு வந்தது. கட்டுப்படுத்தக்கூடிய நைட்ரஜனை 20 விழுக்காடு குறைப்பது குறி. பண்ணையாளர்களிடமிருந்து நைட்ரஜன் வெளியிடும் உரிமையை விலைக்கு வாங்கப் பொதுப்பணத்தில் ஓர் அறக்கட்டளையும் வைத்தார்கள். ஆற்றைப் பார்க்கும் கண் கண்டதை, அனுமதியைப் பார்க்கும் கண் கையில் எடுத்துக்கொண்டது. அந்த முயற்சியின் முழுப் பெருமை இதில்தான் இருக்கிறது.

முன்பு சொன்ன அந்தச் சிறு நகரமான ஹேவ்லாக் நார்த்தில் அது நடக்கவில்லை. வட தீவின் கிழக்குக் கரையில், ஹாக்ஸ் பே வட்டாரத்தில் உள்ள 14,000 பேர் வாழும் ஊர் அது. அதன் குடிநீர் புரூக்வேல் சாலையோர ஆழ்குழாய்க் கிணறுகளிலிருந்து வந்தது. பூமிக்கடியில் பத்திரமாக அடைபட்டிருக்கும் நீர் என்ற நம்பிக்கையில் குளோரின்கூடப் போடவில்லை. அந்தச் சுத்தமான சுவையில் ஊருக்குப் பெருமை. 2016 ஆகஸ்ட் 5, 6 தேதிகளில் அடைமழை. செம்மறி மேய்ந்த வயல்கள் மூழ்கின. அவற்றின் புழுக்கை கலந்த வெள்ளம் பக்கத்துக் குட்டையில் இறங்கியது. குட்டைக்கும் முதல் கிணற்றுக்கும் இடையே ஏறத்தாழ 90 மீட்டர். குட்டை நீர் நிலத்தடிப் படுகைக்குள் புகுந்து கிணற்றுக்கும், கிணற்றிலிருந்து குழாய்க்கும் போனது.

கேம்பைலோபாக்டர் என்ற நுண்ணுயிர் ஊரையே வயிற்றுப்போக்கில் தள்ளியது. ஆகஸ்ட் 12-இல்தான் குளோரின் போட்டு, நீரைக் கொதிக்கவைத்துக் குடிக்கச் சொன்னார்கள். பின்னர் அரசு அமைத்த விசாரணைக் குழு ஏற்றுக்கொண்ட மதிப்பீட்டின்படி 5,500 பேர் நோயுற்றார்கள். பிந்தைய மதிப்பீடுகள் இன்னும் அதிகம். 45 பேர் மருத்துவமனையில் சேர்ந்தார்கள். மூன்று மரணங்களுக்கு இந்த நோயோடு தொடர்பிருக்கக்கூடும் என்று குழு கருதியது. நோயாளிகளிடம் கிடைத்த கிருமியின் மரபணு வகை, செம்மறிப் புழுக்கையில் இருந்ததோடு பொருந்தியது.

ஓய்வுபெற்ற நீதிபதி லின் ஸ்டீவன்ஸ் தலைமையிலான அரசு விசாரணைக் குழு 2017-இல் இரண்டு பாகங்களாக அறிக்கை தந்தது. நகரத்துக்கு நீர் வழங்கிய ஹேஸ்டிங்ஸ் மாவட்ட மன்றம், சுகாதார மதிப்பீட்டாளர்கள், வட்டார மன்றம் என மூவரின் குறைகளையும் அது பட்டியலிட்டது. வட்டார மன்றத்தைப் பற்றிச் சொன்னதை நிதானமாகப் படிக்க வேண்டும். நிலத்தடிப் படுகைக்கு என்னென்ன வழியாக மாசு வரக்கூடும் என்ற அறிவை அது போதிய அளவு திரட்டவில்லை. குடிநீர் எடுப்பதற்கான இசைவாணையை வழக்கமான பொது நிபந்தனைகளோடு கொடுத்தது. கிணற்றுத் தலைப்பகுதி கெட்டியாக மூடப்பட்டிருக்க வேண்டும் என்ற நிபந்தனை பின்பற்றப்படுகிறதா என்று சரிவரக் கண்காணிக்கவில்லை. சுற்றிலும் கைவிடப்பட்டு வாய்திறந்து கிடந்த பழைய கிணறுகளையும் கவனிக்கவில்லை. இரண்டு மன்றங்களுக்கும் இடையே தகவல் பரிமாற்றமே போதவில்லை. இவற்றுள் எதுவும் நேரடிக் காரணம் அல்ல, ஆனால் இந்தக் குறைகள் இல்லாதிருந்தால் முடிவு வேறாக இருந்திருக்கலாம் என்றது குழு. நோய் பரவிய சில மாதங்களில் வட்டார மன்றம் மாவட்ட மன்றத்தின்மேல் வழக்குத் தொடுத்ததும், விசாரணை அதனால் தாமதமானதும், பின் வழக்கைத் திரும்பப் பெற்றதும் அந்த ஊர்மக்களுக்கு இன்னும் வேதனை தந்திருக்கும்.

என் மனத்தை அறுப்பது இன்னொரு செய்தி. அதே ஊரில், அதே புரூக்வேல் கிணறுகளோடு தொடர்புடைய கேம்பைலோபாக்டர் நோய் 1998-இலும் பரவியிருந்தது. அப்போதும் காரணங்களை ஆராய்ந்து எழுதிவைத்தார்கள். அந்தத் தாள்கள் கோப்பில் இருந்தன. கிணற்றைப் பார்த்துக்கொண்டவர்களின் நினைவில் இல்லை.

2021-இல் நியூசிலாந்து புதிய குடிநீர்ச் சட்டம் இயற்றியது. டௌமாட்டா அரோவாய் என்ற தனிக் கட்டுப்பாட்டு அமைப்பு அதைச் செயல்படுத்துகிறது. குடிநீருக்காக எடுக்கப்படும் மூலநீரின் தரம், அளவு பற்றிய தகவலை வட்டார மன்றங்கள் ஆண்டுதோறும் வெளியிட வேண்டும் என்றும், அந்நீரைக் காக்கத் தாம் எடுத்த நடவடிக்கைகள் பலன் தருகின்றனவா என்று மூன்று ஆண்டுக்கு ஒருமுறையாவது மதிப்பிட வேண்டும் என்றும் அச்சட்டம் சொல்கிறது. இரண்டு கண்களும் ஒரே இடத்தைப் பார்க்கும்படி எழுதப்பட்ட கட்டளை இது. ஹேவ்லாக் நார்த்துக்கு அது ஐந்து ஆண்டு பிந்தி வந்தது. 1998-இலிருந்து எண்ணினால் இருபத்து மூன்று ஆண்டு.